தேரை நகர்த்துவது எது? வாசகர் கேள்விகளும் விடைகளும்

விசை, இயக்கம், ஈர்ப்பு ஆகியவை பற்றி மாணவர்களும் பெற்றோரும் எழுதியனுப்பிய கேள்விகளுள் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். விடைகளுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். விசை என்ற சொல்லை எங்கே கண்டாலும், அதை எந்தப் பொருள் செலுத்துகிறது, எந்தப் பொருளின் மீது செலுத்துகிறது என்ற இரண்டையும் உடனே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெயர் சொல்லி விடை தர முடியவில்லையென்றால், நீங்கள் தேடும் விசை பெரும்பாலும் அங்கே இல்லை.

கேள்வி: பேருந்து ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறோம். அப்போது நம்மை முன்னால் தள்ளும் விசை எது?
– பத்தாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

அப்படி ஒரு விசை இல்லை. இந்த விடையை ஏற்றுக்கொள்வது எளிதல்ல என்பதை அறிவேன். தள்ளப்படுவது போன்ற உணர்வு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனாலும், உங்கள் முதுகில் யார் கை வைத்தார், எது தொட்டது என்று தேடினால் எதுவும் அகப்படாது.

பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், நீங்களும் உங்கள் புத்தகப் பையும் நடத்துநரின் பைக்குள் கிடக்கும் சில்லறையும் வினாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பிரேக் பிடித்தவுடன் சாலை சக்கரங்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த விசை பேருந்தின் மீது செயல்படுகிறதே தவிர உங்கள் மீது அல்ல. உங்கள் பாதங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் உராய்வு அவற்றை மட்டும் பேருந்தோடு சேர்த்து வேகம் குறையச் செய்கிறது. தலைக்கும் மார்புக்கும் அப்படி எந்தப் பிடியும் இல்லாததால், அவை பழைய வேகத்திலேயே சென்றுகொண்டிருக்கின்றன. கால் தாமதிக்க, தலை தாமதிக்காமல் போவதைத்தான் நாம் பேருந்துக்குள் இருந்துகொண்டு 'முன்னால் தள்ளப்பட்டோம்' என்கிறோம். சாலையோரத் தேநீர்க் கடையில் நின்று இதே காட்சியைப் பார்ப்பவருக்கு, யாரும் யாரையும் முன்னால் தள்ளியதாகத் தெரியாது. நீங்கள் மேலே உள்ள கம்பியைப் பிடித்திருந்தால், உங்கள் கையை அந்தக் கம்பி பின்னோக்கி இழுப்பதையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மீது உண்மையாகவே செயல்படும் கிடைமட்ட விசைகள் எல்லாம் பின்னோக்கியவை.

இயங்கும் பொருளை இயக்கிக்கொண்டே இருக்க ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. மாடு நின்றால் வண்டியும் நிற்கிறது அல்லவா, எனவே அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தியது மாடு இழுக்காமை அன்று, உராய்வுதான் என்று பிரித்துக் காண்பதற்குக் கலிலியோவின் வழவழப்பான சாய்தளச் சோதனைகள் தேவைப்பட்டன. 1687-இல் வெளியான நூலில் நியூட்டன் அதையே தம் முதல் விதியாக வைத்தார். பொருள் தன் நிலையை விடாமல் தொடரும் இப்பண்பையே நிலைமம் என்கிறோம்.

பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது நாம் வலப்பக்கம் சாய்வதற்கும் இதுவே காரணம்: உடல் நேர்கோட்டில் போக முயல்கிறது, பேருந்து அதன் அடியிலிருந்து விலகிச் செல்கிறது. தரையில் நின்று பார்ப்பவராக உங்களை வைத்துக் கணக்குப் போடும்போது, மையவிலக்கு விசை என்ற ஒன்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். காரின் முன்னிருக்கையில் 10 கிலோ நிறையுள்ள குழந்தையை மடியில் வைத்திருக்கிறீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன் மீதோ மோதிப் பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறது என்று கொள்வோம். அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த 1,000 நியூட்டன் விசை வேண்டும். 100 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது அது. எந்தத் தாயின் கையாலும் அந்த நொடியில் இது இயலாது. குழந்தைக்கான இருக்கையும் வாரும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

கேள்வி: நாம் தேரை எவ்வளவு விசையுடன் இழுக்கிறோமோ அதே அளவு விசையுடன் தேரும் நம்மை இழுக்கிறது என்கிறது மூன்றாம் விதி. இரண்டும் சமம் என்றால் தேர் நகரவே கூடாதே?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், திருவாரூர்

ஆழித்தேர் ஓடும் ஊரிலிருந்து வர வேண்டிய கேள்விதான் வந்திருக்கிறது. அலங்காரத்துடன் சுமார் 96 அடி உயரமும் 300 டன் நிறையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தேரையே எடுத்துக்கொண்டு விடை சொல்கிறேன்.

செயல்விசையும் எதிர்விசையும் சமம். ஆனால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே இல்லை, ஏனெனில் அவை இரண்டும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன. நான் உங்களுக்கு நூறு ரூபாய் தந்தால் என் கணக்கில் நூறு செலவு, உங்கள் கணக்கில் நூறு வரவு. இரண்டும் சமமாக இருக்கின்றன என்பதற்காக உங்கள் வரவு இல்லாமல் போய்விடுமா? ஒரு பொருள் நகருமா என்று அறிய அந்தப் பொருளின் கணக்கை மட்டும் பார்க்க வேண்டும்.

முதலில் தேரின் கணக்கு. வடம் அதை முன்னோக்கி இழுக்கிறது. சக்கரங்களில் தரையும் அச்சும் தரும் உராய்வு பின்னோக்கித் தடுக்கிறது. முன்னது மிகுந்தால் தேர் நகரத் தொடங்கும். அவ்வளவுதான். தேர் பக்தர்களை இழுக்கும் விசைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்து பக்தர்களின் கணக்கு. வடம் அவர்களைப் பின்னோக்கி இழுக்கிறது. தரை அவர்களுடைய பாதங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. அவர்கள் பின்னோக்கித் தரையை உதைப்பதால் தரை அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. தேரோட்டத்தின்போது முகங்களை விட்டுவிட்டுப் பாதங்களைப் பாருங்கள்: குதிகால் ஊன்றி, விரல்கள் தரையைப் பற்றி, உடல் சாய்ந்திருக்கும். வீதி முழுவதும் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் ஆயிரம் பேர் கூடினாலும் வடத்தை இழுக்க முடியாது. பக்தர்களையும் தேரையும் வடத்தையும் சேர்த்து ஒரே பொருளாகக் கருதினால், அந்தக் கூட்டுப் பொருளை முன்னோக்கிச் செலுத்துவது வீதிதான்.

எத்தனை பேர் வேண்டும் என்பதையும் தோராயமாகப் பார்த்துவிடலாம். 300 டன் நிறையின் எடை 29,40,000 நியூட்டன். அதைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். உருளுவதற்கான தடை எடையில் இருபதில் ஒரு பங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 1,47,000 நியூட்டன் வருகிறது. ஒருவர் இடைவிடாமல் 200 நியூட்டன் தருவார் என்றால் 735 பேர் தேவை. ஓய்ந்து நின்ற தேரை முதலில் அசைப்பதற்கு, ஓடும் தேரைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட மிகுந்த விசை வேண்டும். அதனால்தான் நிலையிலிருந்து கிளம்பும்போது பின்சக்கரங்களில் நெம்புகோல் கொடுக்கிறார்கள். இக்காலத்தில் இயந்திரங்கள் பின்னிருந்து தள்ளி உதவுவதும் உண்டு.

இழுப்பதைவிட அரியது நிறுத்துவது. வினாடிக்கு அரை மீட்டர் என்னும் மெல்லிய நடையில் வரும் 300 டன் தேரின் உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது), மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 10 டன் பேருந்தின் உந்தத்துக்குச் சமம். வடத்தை விட்டுவிட்டால் மட்டும் அது நின்றுவிடாது. ஆகவேதான் முட்டுக்கட்டை. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே செருகப்படும் அந்தக் கட்டை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கம் தாமதப்பட்டுத் தேர் அந்தத் திசையில் திரும்புகிறது. ஆழித்தேரில் இப்போது ஹைட்ராலிக் பிரேக் இருந்தாலும், வீதி முனைகளில் முட்டுக்கட்டைக்காரர்களின் கண்ணளவை நம்பித்தான் தேர் திரும்புகிறது. உருளும் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் குனிந்து நின்று, எப்போது, எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு என்று கணத்தில் முடிவு செய்யும் அவர்களுடைய தொழிலறிவை நாம் போதுமான அளவு போற்றுவதில்லை என்பது என் எண்ணம்.

ஆசிரியர்கள் சிலரும் வழுக்கும் ஓரிடம் இங்கே இருக்கிறது. தேரின் எடை கீழ்நோக்கியும், வீதி தரும் செங்குத்து விசை மேல்நோக்கியும் சமமாக இருப்பதைக் காட்டி அதை மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அது சரியன்று, இரண்டுமே தேரின் மீது செயல்படுகின்றன. பூமி தேரைக் கீழே இழுப்பதற்கு இணையான எதிர்விசை, தேர் பூமியை மேலே இழுப்பதுதான்.

கேள்வி: தமிழ்நாட்டு நூல்களில் 'நிறை' என்பதற்கு வேறு பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது. எடை, நிறை, திணிவு ஆகியவற்றைத் தெளிவுபடுத்த முடியுமா? தராசு காட்டுவது எதை?
– உயர்தர மாணவர், யாழ்ப்பாணம்

உங்கள் குழப்பம் நியாயமானது. ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்கின்றன, இலங்கை நூல்கள் திணிவு என்கின்றன. அப்பொருளைப் பூமி இழுக்கும் விசைக்குத் தமிழ்நாட்டில் எடை என்று பெயர். இலங்கையில் அதற்குத்தான் நிறை என்று பெயர். ஒரே சொல் கடலுக்கு இப்பக்கம் கிலோகிராமிலும் அப்பக்கம் நியூட்டனிலும் அளக்கப்படுகிறது! வேகத்துக்கும் இதே கதிதான்: இங்கே திசை குறிக்காத அளவு வேகம், திசையுடன் கூடியது திசைவேகம், உங்களிடம் முன்னது கதி, பின்னது வேகம். நாம் முடுக்கம் என்பதை நீங்கள் ஆர்முடுகல் என்கிறீர்கள். இரு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிக்கும் மாணவர்கள், முதல் பக்கத்திலேயே அலகுகளைப் பார்த்துச் சொற்களின் பொருளை உறுதி செய்துகொள்வது நல்லது. இந்தப் பகுதியில் தமிழ்நாட்டு வழக்கையே பின்பற்றுகிறேன்.

தராசுக்கு வருவோம். இரண்டு தட்டுள்ள தராசு ஒரு பக்கத்துப் பொருளை மறுபக்கத்துப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் குறையும். எனவே நிலவிலும் அது அதே கிலோவைக் காட்டும். சுருள்வில் தராசோ இழுவிசையை அளப்பது. நிலவில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதல்லவா, அதிலிருந்து உருண்டு வெளிவந்த பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோகிராம். பூமியில் அதன் எடை 255 நியூட்டன்; நிலவில் 42 நியூட்டன் மட்டுமே. ஆனாலும் அதை நகர்த்தவும் நிறுத்தவும் எதிர்ப்பது 26 கிலோகிராம் நிறைதான், அதில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

நிலவுக்குப் போகாமலேயே எடை மாறுவதையும் காணலாம். பூமியின் நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் கூடுதல். சுழற்சியின் விளைவும் அங்கேதான் மிகுதி. இவ்விரண்டாலும் ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் கூடும் அளவு, மீட்டர்/வினாடி² அலகில்) துருவத்தில் 9.83 ஆகவும் நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் இருக்கிறது. துருவத்தில் ஒரு கிலோவுக்குச் சரியாகத் திருத்தப்பட்ட சுருள்வில் தராசு, அதே பொருளை நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 995 கிராம் என்று காட்டும்.

கேள்வி: 2025-இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மிதந்ததைப் பார்த்தோம். அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று என் தம்பியிடம் சொன்னேன். அது சரிதானா?
– எட்டாம் வகுப்பு மாணவி, மதுரை

தம்பியிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். அந்த நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து தரை ஏற்கனவே 6,371 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதை நினைத்தால், கூடுதலான அந்த 400 பெரிய வேறுபாடு அன்று. அங்கே ஈர்ப்பு முடுக்கம் 8.7, அதாவது தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு.

ஈர்ப்பு இருந்தும் ஏன் மிதக்கிறார்? ஏனெனில் அவரும், அவர் இருக்கும் நிலையமும், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் ஒரே முடுக்கத்தில் விழுந்துகொண்டிருக்கின்றன. நிலையம் ஒரு வினாடியில் பூமியை நோக்கி 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது; அதே வினாடியில் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவும் அதே 4 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடுவதால், விழுந்துகொண்டே இருந்தும் தரை நெருங்குவதில்லை. சுமார் 93 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருவது இப்படி ஓயாமல் விழுவதால்தான். ஈர்ப்பு உண்மையிலேயே இல்லாதிருந்தால், நிலையம் வளையாமல் நேர்கோட்டில் எங்கோ போயிருக்கும்.

நாம் எடை என்று உணர்வது, தரை நம் பாதங்களைத் திருப்பித் தள்ளுவதைத்தான். தரையும் நம்முடன் விழுந்தால் தள்ள ஒன்றுமில்லை. திருவிழா ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும் கணத்தில் வயிறு லேசாவது இதன் சிறு சுவை. வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். மூடியில்லாத பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் நிரப்புங்கள். துளை வழியே நீர் பீச்சும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சற்று உயரமான இடத்திலிருந்து அதைக் கீழே உள்ள வாளிக்குள் விழவிடுங்கள். விழுந்துகொண்டிருக்கும் நேரம் மட்டும் துளையிலிருந்து நீர் வராது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்தால் தம்பியும் நம்புவான்.

கேள்வி: மழைத்துளி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஏன் நம்மைக் காயப்படுத்துவதில்லை?
– ஏழாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

காற்று இல்லாவிட்டால் காயப்படுத்தும். 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் துளி மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையை அடையும். உண்மையில், துளி வேகமெடுக்க எடுக்கக் காற்றின் தடையும் வளர்ந்து, விரைவிலேயே துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதன் பிறகு துளியின் மீது நிகர விசை சுழி. வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 2 மில்லிமீட்டர் துளி மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வேகத்தில், மிதிவண்டியை விரைந்து ஓட்டுபவரின் வேகத்தில், நம் மீது விழுகிறது. நிகர விசை இல்லாமலும் இயக்கம் தொடரும் என்பதற்கு, பேருந்தைவிட இது தெளிவான சான்று.

கேள்வி: பூமி சுழல்கிறது என்றால், நான் குதித்துத் தரையில் இறங்குவதற்குள் தரை வெகுதூரம் நகர்ந்திருக்க வேண்டாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், சென்னை

சென்னையில் தரை கிழக்கு நோக்கி வினாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் நகர்கிறது. நீங்கள் அரை வினாடி காற்றில் இருந்தால் 225 மீட்டர் மேற்கே போய் விழ வேண்டும் என்பது உங்கள் வாதம். இந்த ஐயம் மிகப் பழையது. 499-ஐ ஒட்டி எழுதிய நூலில் ஆரியபட்டர், ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் உள்ளவை பின்னால் ஓடுவது போலத் தெரிவதைக் காட்டி, விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுவதும் அப்படித்தான் என்றார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் அதை மறுத்து, பூமி சுழன்றால் வானில் பறக்கும் பறவைகள் தங்கள் கூட்டுக்குத் திரும்ப முடியாதே என்று கேட்டார். அவர் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒன்றே.

மறுமொழி முதல் கேள்வியிலேயே இருக்கிறது. குதிக்கும் முன்பே நீங்கள் தரையுடன் சேர்ந்து வினாடிக்கு 450 மீட்டர் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். குதித்தபின் அந்த வேகத்தைப் பறிக்கும் விசை எதுவும் இல்லை. சுற்றியுள்ள காற்றும் உங்களுடனேயே நகர்கிறது. பறவைக்கும் அப்படித்தான்.

ஆயினும், மிக நுட்பமாக அளந்தால் ஒரு சிறு விலகல் உண்டு, அதுவும் நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்த்திசையில். உயர்ந்த கோபுரத்தின் உச்சி பூமியின் அச்சிலிருந்து கூடுதல் தொலைவில் இருப்பதால், அடிப்பகுதியைவிடச் சற்றே விரைவாகக் கிழக்கே நகர்கிறது. அங்கிருந்து விழும் கல் அந்தக் கூடுதல் வேகத்தையும் உடன்கொண்டு வருவதால், சென்னை இருக்கும் அகலாங்கில் 100 மீட்டர் விழுவதற்குள் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி விழும். காற்றின் குறுக்கீட்டை நீக்கிய கணக்கு இது. சென்னைக்கு வடக்கே சிறீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் ஏவூர்திகளும் இதே சொத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் புறப்படுகின்றன: எரிபொருள் ஒரு துளியும் எரியும் முன்பே, பூமி அவற்றுக்கு வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது.